முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இறுதிப் போட்டி

1

இருந்தவர்கள்: அமானுல்லா, பழவேற்காட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன், போட்டியை நடத்தியவன். மோகன்ராஜ், இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் பார்த்தவன், உள்ளூர் அணியின் தலைவன். நிரோஷன், கொழும்பு அணியின் தலைவன். ஆதிகேசவன், மண்டப மேனேஜர். கதையை எனக்குச் சொன்னவர் இவர்தான். நான் அங்கே இல்லை.

2

"2007ஆம் ஆண்டு, கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டின் தெற்காசியத் தகுதிப் போட்டி, கவரைப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் கோலாகலமாக—"

கோலாகலம் எல்லாம் இல்லை. சென்னை அரங்கம் கைவிட்டதால் இங்கே வந்தது. நேபாளத்துக்காரர்கள் வரவேயில்லை. வங்கதேச அணியை அழைத்துவர ஸ்டேஷனுக்கு ஒருவரும் போகாததால் அவர்கள் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார்கள். மிச்சம் இரண்டு அணி. வெல்கிறவர்களுக்கு சிங்கப்பூரில் அடுத்த சுற்று. மோகன்ராஜ் லீவு கிடைக்காமல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். சிங்கப்பூர் இல்லையென்றால் அவனுக்கு வேறெதுவும் இல்லை.

3

அமானுல்லா முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துத்தான் மண்டபம் பிடித்தான். மறுநாள் முகூர்த்தம். முந்தின நாள் மதியமே மண்டபம் பெண் வீட்டார் கைக்குப் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாது. (அவன் வீட்டு நிக்காஹ் பள்ளிவாசலிலேயே முடிந்துவிடும்.)

கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கொழும்பு கொஞ்சம் முன்னால். வாசலில் வேன் வந்து நின்றது.

"இன்னா பாய், பொண்ணு ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. ஒயரைச் சுருட்டு," என்றார் ஆதிகேசவன்.

"அரை மணி நேரம்ணே. பைனல் ஓடிக்கினு இருக்குது."

"பொண்ணைத் தெருவுல நிக்க வெச்சிட்டு நீ உள்ள துப்பாக்கி சுடுவியா?"

ஆதிகேசவன் மெயினை அணைத்தார்.

4

முதல் முடிவு: பெண்ணின் அப்பா மனமிரங்கி—

அவர் இரங்கவில்லை.

இரண்டாம் முடிவு: அமானுல்லா சிங்கப்பூருக்குப் போன் செய்கிறான். முன்னால் இருந்த அணியை அனுப்பு என்கிறார்கள். (இது நடந்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.)

"அவனுங்க முன்னாடி இருந்தானுங்க, அவ்ளோதான். ஜெயிக்கல," என்றான் மோகன்ராஜ்.

நிரோஷன் பையைத் தோளில் மாட்டியிருந்தான். "கரண்ட் போய் வெண்டதெண்டு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க. ஒருத்தனுக்கு ஒருத்தன் அடிப்பம். வாறியா?"

நிரோஷனைப் பெருந்தன்மைக்காரனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மோகன்ராஜ் அணியை நடத்தத் தெரிந்தவன். தனியாகச் சுடுவதில் சுமார். நிரோஷனுக்கு அது தெரியும். மோகன்ராஜுக்கும் தெரியும்.

"வரேன்," என்றான் மோகன்ராஜ்.

5

"வெளிய வந்து யார் பேரைச் சொல்றீங்களோ, அதைத்தான் அனுப்புவேன்," என்றான் அமானுல்லா.

மெயினைத் திரும்பப் போட்டாகிவிட்டது. கூடம் பெண் வீட்டார் கையில் இருந்ததால், பிளக்கோடு மிச்சமிருந்த ஒரே அறை சாமான் அறை. அரிசி, காய்கறி எல்லாம் அதற்குள் இறக்கியாகிவிட்டது.

"கல்யாண சாமான் இருக்கிற ரூமு. தொறந்து போட்டுட்டுப் போனா என்னைத்தான் திருடன்னுவாங்க," என்றார் ஆதிகேசவன். "பூட்டிக்கினு போறேன். முடிஞ்சதும் தட்டுங்க."

"யாரு தட்டறது?"

"தோத்தவன்," என்றான் நிரோஷன்.

தட்டியது யாரென்று ஆதிகேசவன் என்னிடம் சொன்னார். எழுதியும் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அந்தப் பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சும்மா ஆசைக்குப் போடாதீர்கள்.

வெளியே மேளம் தொடங்கியது. நிரோஷன் ஒரு கம்ப்யூட்டரோடு முதலில் போனான். மோகன்ராஜ் இன்னொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே கால்வைக்க இடம் பார்த்து உள்ளே போனான். ஆதிகேசவன் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.