பிப் கண் சிமிட்டிய கதை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வெர்லின் என்கிற மனிதனை நாலு பேர் முன்னால் கிழிகிழி என்று கிழிக்க வேண்டும் என்றுதான் நோட்டை எடுத்தேன். அதை மறைப்பதற்கில்லை. (மறைப்பதற்கு வேறொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். வராமலும் போகலாம்.)

முதல் தொடக்கம்: "வடக்கு டகோட்டாவின் புல்வெளியில் ஆகஸ்ட் மாதத்துச் சூரியன் மெல்ல மெல்ல..."

சீ. சூரியனை இப்போது யார் கேட்டார்கள்?

இரண்டாவது: "டார்லா ஓட்னெஸ் கரண்ட் பட்டையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள்." இது தேறும். இதிலிருந்து போகிறேன்.

2

டார்லா ஓட்னெஸ் கரண்ட் பட்டையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ரிமோட்டின் திருகை நாலாம் எண்ணில் வைத்தபோது எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிறகுதான் அதைப் பிப்பின் கழுத்தில் மாட்டினாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மிசூரி ஆற்றுக்கு மேற்கே தினமும் நூற்றுப்பத்து மைல் காரில் சுற்றிப் பண்ணை வீடுகளுக்குத் தபால் போடுகிறவள். பிப் அவளுடைய ஒன்பது மாதக் குட்டி, பெண். பறவை வேட்டைக்கான குறிநாய் ஜாதி. புல்லுக்குள் பறவை வாசம் அடித்தால் முன்காலைத் தூக்கியபடி அப்படியே நின்று, 'இதோ இங்கே' என்று காட்ட வேண்டும். பிறவியிலேயே அதற்கென்று வந்த நாய்.

நாய்க்குக் கரண்டா, அடப்பாவிகளா என்று பக்கத்தை மூடப் போகிறவர்கள் தாராளமாக மூடலாம். எனக்கு உங்களோடு சண்டை போட இப்போது தெம்பில்லை. மூன்று வாரம் அந்தப் பட்டையில் கரண்டே கிடையாது; வெளியே போகும்போதெல்லாம் சும்மா கழுத்தில் கிடந்தது. பட்டையைக் கண்டாலே பிப் வாலை ஆட்டியது. அதற்குப் பிறகுதான் டார்லா ஒன்றிலிருந்து ஆரம்பித்து, குட்டியின் காது லேசாகத் துடிக்கும் எண்ணில் நிறுத்தினாள். நாலு. அதுவும், பிப்புக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த 'வா' என்ற சொல்லுக்கு மட்டும். குளிர்பெட்டிக் கதவில் தபால் சீட்டின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருந்தாள்: மூக்கில் பறவை வாசம் இருக்கும்போது பொத்தானைத் தொடாதே.

ஏனென்றால் அப்போது தொட்டால், கடித்தது பட்டை என்று குட்டிக்குத் தெரியாது. பறவைதான் கடித்தது என்று நினைத்துக்கொள்ளும்.

(நான் அடுத்த வீடு. இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வெர்லின் என்னை 'மாத்திரை' என்றுதான் கூப்பிடுவான். இந்தக் கதையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.)

3

வெர்லின், டார்லாவின் தம்பி. இவனை எப்படி எழுதுவது? நாள் முழுக்கச் சூரியகாந்தி விதையை மென்று எதிரில் நிற்பவன் பூட்ஸ் மேலேயே தோலைத் துப்புகிறவன். வாயைத் திறந்தால் நக்கல்.

"என்ன டார்லா, குட்டிக்குப் பட்டுச்சட்டை தச்சாச்சா? இல்ல, இன்னும் தூங்க வைக்கப் பாட்டுதான் பாடறியா?"

"ஒன் கெழட்டு நாய் மான் பின்னால ஓடி மூணு நாள் காணாமப் போச்சே, அத மொதல்ல வளத்துட்டு வா."

"அது ஊரு சுத்திப் பாக்கப் போச்சு. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு."

பார்த்தீர்களா, சிரிக்க வைத்துவிட்டான். நான் எழுத நினைத்த வெர்லின் முரடன், அவசரக்குடுக்கை. இந்த ஆள் மேல் கதாபாத்திரமாக எனக்கு நம்பிக்கை வரவில்லை.

(அவன் புறா வளர்க்கிறான். போன வருடம், பறவைக்குப் பயந்து கெட்டுப்போன இரண்டு நாய்களை, பட்டையே இல்லாமல், பறக்க முடியாதபடி இறகு கட்டிய புறாக்களைத் துரத்தவிட்டுத் துரத்தவிட்டே திருப்பிக் கொண்டுவந்தான். இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.)

4

அன்று காலை புல்லுக்குள் ஒரு வில்பெட்டியை ஒளித்துவைத்து, உள்ளே புறாவை அடைத்திருந்தார்கள். ரிமோட்டை அழுத்தினால் பெட்டி திறந்து புறா மேலே பறக்கும். இன்னொரு ரிமோட், பிப்பின் பட்டைக்கு. இரண்டும் கறுப்பு. இரண்டிலும் ஒரு வால் கம்பி. (பெட்டியின் ரிமோட்டை நான் பிடித்திருந்தேன். அது முக்கியமில்லை.) புறா பறந்ததும் வெர்லின் வெற்றுத் தோட்டாவைச் சுட வேண்டும். வெடிச்சத்தம் பழகுவதற்காக.

பிப் காற்றில் முகத்தைத் தூக்கியது. திரும்பியது. நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாக, முன்காலைத் தூக்கி, வால் நுனிகூட அசையாமல் நின்றது. டார்லா அழுதேவிட்டாள். குட்டியைத் தாண்டி மெதுவாக நடந்து பெட்டியருகே போய், திரும்பாமலே, "விடு!" என்றாள்.

பெட்டி திறக்கவில்லை. பிப் அலறியது. அந்தச் சத்தத்தை எழுத என்னிடம்...

டார்லா திரும்பியபோது குட்டி புல்லில் உருண்டுகொண்டிருந்தது. பட்டையின் ரிமோட் வெர்லின் கையில் இருந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

வெர்லின் விதை மெல்வதை நிறுத்தினான்.

"வாயில என்னத்தடா அடைச்சு வச்சிருக்க? பேசு!" ரிமோட்டைப் பிடுங்கினாள். நாலில் இருந்த திருகு நாற்பத்திரண்டில் நின்றது. "நாப்பத்திரெண்டு! கல்லு மாதிரி இருக்கற ஒன் கெழட்டு நாய்க்கே நாப்பதுதானடா வைப்ப! கொழந்தடா அது!"

"டார்லா, நான் சரி பண்ணித் தரேன். ஒரு மாசம் எங்கிட்ட விடு."

"ஒங்கிட்டயா? இன்னொரு தடவ அவளத் தொட்டுப் பாரு. போ. சீசன் தொறக்கற அன்னிக்கும் வந்துடாத."

முப்பத்தொரு வருடமாக அக்காவும் தம்பியும் சேர்ந்து போகாமல் ஒரு வேட்டை சீசனும் திறந்ததில்லை.

அடுத்த வாரம் பிப்பை மறுபடி பெட்டிப் பக்கம் விட்டாள். வாசம் அடித்தது. காது எழுந்தது. பிறகு அந்தக் குட்டி தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, எங்கேயோ ஒரு எலி வளையை மோந்து பார்ப்பது மாதிரி நடித்தது. இங்கே இதற்கு, நாய் கண் சிமிட்டிவிட்டது என்பார்கள். நம் ஊரில் கண் சிமிட்டினால் குறும்பு. இங்கே அது சாவுச் செய்தி. இருப்பது தெரிந்தும் இல்லாத மாதிரி நடக்கிற குறிநாயை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

5

முடிவுகள்:

(அ) பிப் தானாகவே சரியாகிவிடுகிறது. பொய்.

(ஆ) டார்லா தம்பியை மன்னித்துக் குட்டியை ஒப்படைக்கிறாள். டார்லாவை உங்களுக்குத் தெரியாது.

(இ) பிஸ்மார்க் நகரத்தில் ஒரு குடும்பம் பிப்பை எடுத்துக்கொள்கிறது. சோபா உண்டு, வேலி போட்ட முற்றம் உண்டு, பறவை கிடையாது. இதுதான் நடக்கப் போகிறது. நாளை, ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை டார்லா என் கடைக்கு வந்தாள். "நல்ல வீடுதான். குளிர்ல அலைய வேணாம்" என்று, நான் கேட்காமலே சொன்னாள். மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு போனவள் கதவருகே நின்றாள்.

"நீயும் அங்கதான நின்ன. அவன் எப்பிடி அமுக்கினான்னு பாத்தியா?"

"நான் புறாவத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

6

நாலாம் பகுதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கவனமாகப் படிக்கிறவர்கள் அங்கேயே பிடித்திருப்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். வெற்றுத் தோட்டாவைப் போடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அப்படியானால் பட்டையின் ரிமோட் அப்போது யாரிடம் இருந்தது?

"மாத்திரை, இதக் கொஞ்சம் பிடி. நாலுல வச்சிருக்கேன், கைய வச்சிடாத" என்றான் வெர்லின். சட்டைப்பையில் போட்டேன். டார்லா முன்னால் நடந்ததும் எதற்கோ பரபரப்பாக அதையும் வெளியே எடுத்தேன். பையில் உரசித் திருகு நகர்ந்திருக்கிறது. ஒரு கைக்கு ஒரு ரிமோட். 'விடு' என்றாள். வலது கட்டைவிரலை அழுத்தினேன். இடதை அழுத்தியிருக்க வேண்டும்.

வெர்லின் பாய்ந்து வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கினான், அணைப்பதற்காக. அந்த நொடியில் டார்லா திரும்பினாள்.

அவள் கத்தியபோது அவன் என்னை ஒரே ஒருமுறை பார்த்தான். நானே சொல்வேன் என்று காத்திருந்தான். நான் புல்லைப் பார்த்தேன்.

ஏன்டா வெர்லின், நீ சொல்லவில்லை? ஒரு வார்த்தை, 'மாத்திரைதான்' என்று காட்டிக்கொடுத்திருக்கலாமே! உன்னை முரடனாக எழுத ஆறு பகுதி பாடுபட்டேன். ஒரு வரியாவது ஒட்டியதா? நாசமாய்ப் போகிற நல்லவனே.

7

இருபத்திரண்டு வருடமாக நான் தமிழில் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. திடீரென்று ஏன் தமிழில் கதை? டார்லாவுக்குத் தமிழ் தெரியாது. வெர்லினுக்கும் தெரியாது. உங்களிடம் ஒப்புக்கொண்டால் எனக்கு ஒரு சேதமும் இல்லை. குட்டிக்கு ஒரு பைசா லாபமும் இல்லை.

நேற்று பிப் வேலிக்கு வந்து என் கையை நக்கியது. அந்தக் கட்டைவிரலையும் சேர்த்து. அதற்கு என் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. பறவைதான் கடித்தது என்று நம்புகிறது.

இன்று சனிக்கிழமை, சீசன் திறந்துவிட்டது. தூரத்தில் சுடுகிறார்கள். டார்லா போகவில்லை. காரின் பின்சீட்டில் குட்டியின் போர்வையை விரித்துவிட்டு, முற்றத்துக் குழாயடியில் அதன் சோற்றுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். உண்மை தெரிந்தால் குட்டியை நாளைக்கே தம்பியிடம் கொண்டுபோய் விடுவாள். என் முகத்தில் இனி விழிக்கவே மாட்டாள். இங்கிருந்து வேலி அறுபது காலடி.

இந்த மாதிரிக் கதையில் இந்த இடத்தில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவன் நழுவிவிடலாம். கொடுக்க மாட்டேன். உங்களால் அவளிடம் போய்ச் சொல்ல முடியாது.

பேனாவை மூடிவிட்டு எழுகிறேன். அடுத்த வாக்கியம் தமிழில் இல்லை.