மெஹ்னாஸின் ஒற்றைக் கோப்பு

திருவொற்றியூர்க் கன்டெய்னர் யார்டு ஒன்றில் மெஹ்னாஸ் என்றொரு நிரலாளர் இருந்தாள். எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று கிரேனுக்குச் சொல்லும் நிரல் அவளுடையது. ஒரு விதி ஏன் வந்தது என்று தமிழில் ஒரு பத்தி, அதன் கீழேயே அதற்குரிய நிரல், மறுபடி ஒரு பத்தி என்று இரண்டையும் ஒரே கோப்பில் கதைபோல் எழுதியிருந்தாள். ஒரு கட்டளையிட்டால் நிரல் மட்டும் பிரிந்து கணினிக்குப் போகும். இன்னொன்றிட்டால் மனிதர் படிக்கும் புத்தகமாகும்.

மேலாளர் வரலட்சுமி அரைமனதாகத்தான் சம்மதித்தார். "ஒரு விபத்து நடந்தாலும் வெறும் புரோகிராம் எழுதுற பழைய முறைக்கே போயிடுவோம்மா."

மழைக்காலத்தில் மெஹ்னாஸ் விடுப்பிலிருந்த ஒரு நாள் உத்தரவு வந்தது: நனைந்தால் புகையும் ரசாயனப் பெட்டிகளைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்து வரிசையில் வைக்கக் கூடாது. உடன் வேலை பார்க்கும் டில்லிபாபு நல்ல எண்ணத்தோடுதான் செய்தான். கோப்பைத் திறந்து பத்தி எழுதச் சோம்பி, பிரிந்து கிடந்த நிரலிலேயே இரண்டு வரிகளைச் சொருகினான். பெட்டிகள் மேட்டுக்குப் போயின. அவளிடம் சொல்ல மறந்தும் போனான்.

திரும்பி வந்தவள் வேறேதோ சிறு திருத்தம் செய்து, வழக்கம்போல் கோப்பிலிருந்து நிரலைப் புதிதாகப் பிரித்தாள். டில்லியின் வரிகள் கோப்பில் இல்லை. புது நிரலிலும் இல்லை. அன்று மாலை பள்ளத்தில் ஒரு பெட்டி புகைந்தது. கிரேன் ஓட்டும் கிருஷ்ணப்பனை மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இன்னாடா டில்லி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள் மெஹ்னாஸ்.

"அவசரம்கா. உன் கதப் புஸ்தகத்த தொறந்து எவன் எழுதிகினு கீறதுன்னு..." என்று இழுத்தான். "மேடமாண்ட நானே ஒத்துக்கறேன்."

ஒத்துக்கொண்டான். "தப்பு என்னுது மேடம். அக்காவோட ஃபைல்ல நான் எழுதியிருந்தா இது நடந்தே இருக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் வரலட்சுமி. "அவசரத்துல யாரும் கட்டுரை எழுத மாட்டாங்க. இனிமே புரோகிராம் மட்டும் போதும்."

மெஹ்னாஸிடம் பதில் இருந்தது. ஆனால் கிருஷ்ணப்பனின் மனைவி குப்பம்மா வாசலில் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

டில்லியின் இரண்டு வரிகளைக் கோப்பில் சேர்த்தாள். அவை எதற்கென்று அவற்றின் மேல் ஒரு பத்தியும் எழுதினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு அதையும் சேர்த்து எல்லாப் பத்திகளையும் அழித்தாள்.

அடுத்த மழைக்குள் அவள் வேலையை விட்டிருந்தாள். டில்லிபாபுவை வேறு யார்டுக்கு மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்த எழிலன் நிரலைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டான்: "இந்த ரெண்டு வரி இன்னாத்துக்கு கீது?"

"யாருக்குத் தெரியும்?"

எழிலன் அவற்றை எடுத்துவிட்டான். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. அன்றுதான் வேலைக்குத் திரும்பிய கிருஷ்ணப்பன், இருமிக்கொண்டே கிரேனில் ஏறிக்கொண்டிருந்தார்.