மெல்வின் துரையின் கல்லறை

1

ஞானராஜ் வழுக்கி விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இதற்கு முதல் வரியாக அவர் எழுதிப் பார்த்தது: "வெயில் பொறுக்காத வெள்ளைக்காரத் துரைமார் பல்லக்கில்..." (வேண்டாம். பல்லக்கு வந்தாலே கதை மீசையை முறுக்க ஆரம்பித்துவிடுகிறது.)

சங்கதி இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையில், துரைமார் கோடைக்குத் தங்கிய பங்களா ஒன்று இடிந்து கிடக்கிறது. அங்கே சமைத்தவர் ஞானராஜின் பூட்டன். வருஷாவருஷம் மே மாதம் குடும்பமே மலையேறி, பங்களா அருகே 'மெல்வின்' என்று பொறித்த கல்லறையில், துரையுடையது என்று நம்பி, பூ வைத்து ஜெபிக்கும். பிள்ளையில்லாமல் தவித்த அக்கா தேவகிருபை அங்கே அழுது ஜெபித்துப் பெற்றவன்தான் மெல்வின். இப்போது போலீஸ்காரன். வருகிற ஞாயிறு தன் மகனுக்கும் அதே பெயரில்தான் ஞானஸ்நானம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

2

இந்த மே மாதம் ஞானராஜ் வழுக்கியதில் கல்லறைக் கல்லின் அடியில் மண் சரிந்தது. பெயருக்குக் கீழே ஓர் உருவம்: மடிந்த காது, ஒடுங்கிய இடுப்பு, வளைந்த வால். ராஜபாளையத்துக்காரரான அவருக்கு அது என்ன ஜாதி நாய் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சட்டென்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, எல்லாரோடும் நின்று கீர்த்தனை பாடினார்.

(அடிக்குறிப்பு: துரை நாய்க்கு மனிதப் பெயர் வைத்தார். நாமோ மனிதனுக்கு... இதை முடித்தால் மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது?)

3

முடிவு ஒன்று: வாயைத் திறக்காமல் இருப்பது. அப்படியென்றால் இன்னொரு குழந்தைக்கும் நாயின் பெயர். முடிவு இரண்டு: சொல்லிவிடுவது. அக்கா உடைந்துபோய்... எழுதும்போதே ஞானராஜுக்குக் கண் கலங்கியது. அந்த வரியை அடித்துவிட்டார்.

கடைசியில் இதுவரை எழுதியதை அக்காவிடமே வாசித்துக் காட்டினார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஏலே, நாயா?"

"ஆமாக்கா."

"நான் கல்லுகிட்டயாலே பிள்ளை கேட்டேன்? கர்த்தர்கிட்டத்தான கேட்டேன்." பொறுக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். "தொரைன்னு நெனச்சு எம்புட்டுப் பூ! அடுத்த வருசம் ரெண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கிடுவோம்."

ஞானராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா மெல்வின்ட்ட நீதாம்லே சொல்லணும். நான் மாட்டேன்."

4

வாசலில் பைக் சத்தம். மெல்வின் யூனிஃபார்மிலேயே உள்ளே வந்தான்.

"கேக் சொல்லிட்டு வாரேன் மாமா. பேரைப் பெருசா போடச் சொல்லிருக்கேன். என்ன, கதையா? யாரப் பத்தி?"

அக்கா அடுப்படிக்குள் நழுவிவிட்டாள். ஞானராஜ் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

வாசகரே, உங்களுக்கு அவன் மருமகன் இல்லை. நீங்களே சொல்லிவிடுங்களேன். ரொம்ப நல்ல நாய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.