கழுதைக் காது ராஜா

“கத்தியக் கீழ வை,” என்றார் பெரியப்பா.

அவள் வைக்கவில்லை. தோல்வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துச் சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அறையின் நடுவே நீளப் பெஞ்சில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலையில் எப்போதும் சுற்றியிருக்கும் அதே துண்டு. காதை மூடித் தொங்கும் அதே பழைய காலத்து முடி. ஒரு வாரத் தாடி. தெருவிலிருக்கும் தாடைகளையெல்லாம் வழவழவென்று வைத்திருந்த மனுஷனுக்குத் தன் தாடை எப்போதும் கடைசிதான்.

“பெரிய சலூன்காரனுக்குப் போன் பண்ணியிருக்கேன். வந்து நீட்டா பண்ணிட்டுப் போவான்.”

“எதிர்க்கடைக்காரன் கைய அப்பா மூஞ்சில வைக்க விடுவீங்களா? எந்திரிச்சு உக்காந்துருவாரு பெரியப்பா.”

கூடத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

பெரியப்பா ஒரு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். தம்பி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் ‘சொந்தத் தொழில்’ என்பார். அதற்குமேல் கேட்டால் வானிலை பற்றிப் பேசுவார். இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நம்ம குடும்பத்துல மொதல் பட்டதாரி நீ. இதுலேர்ந்து வெளிய வரத்தானே உன்னப் படிக்க வெச்சோம்? இத்தன பேர் பார்க்கறப்ப நீயே கத்தியப் புடிச்சா, காலத்துக்கும் சொல்லிக் காட்டுவானுங்க.”

“வெச்சோமா? நீங்க எப்ப வெச்சீங்க? வெச்சது இந்தக் கத்தி.”

அப்பாவுக்குக் கடைசிச் சவரம் தன் கையால்தான். அதை அவள் நேற்றே முடிவு செய்துவிட்டாள். செய்தி வந்து கடைக்கு ஓடியபோது அப்பா காத்திருப்போர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் பிரஷ்ஷோடு. சுழல் நாற்காலியில் தலைமையாசிரியர், பாதி முகத்தில் நுரையோடு. பணி ஓய்வு பெற்றும் தலைமையாசிரியர் என்றே அழைக்கப்படுபவர். “ஒரு நிமிஷம் சார், மூச்சு வாங்குதுன்னு உக்காந்தான்மா. கதையில அடுத்து என்னன்னு நானும் காத்துக்கிட்டே இருந்தேன்” என்று அழுதார். அந்தப் பாதித் தாடியோடுதான் இன்றும் வந்து நிற்கிறார். அடுத்தவன் அதைத் தொடக்கூடாதாம்.

கதை என்றால் கிரேக்கக் கதை. அதை அந்தக் கடைக்குள் கொண்டுவந்ததே அவள்தான்.

கல்லூரியில் அது ஒரு பாடம். கூடப் படித்தவர்கள் சின்ன வயதிலேயே படப்புத்தகத்தில் பழகி வைத்திருந்த சாமிகளை அவள் பத்தொன்பது வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். யார் யாருக்கு மகன், யார் யாரைத் தின்றான் என்று ஒன்றும் மண்டையில் ஏறாமல், ஒருநாள் புத்தகத்தைக் கடை பெஞ்சில் வீசியெறிந்தாள். அப்பா அதை எடுத்து அட்டையைப் பார்த்தார்.

“யாரும்மா இந்தத் தாடிக்காரர்? டிரிம் பண்ணிப் பல வருஷம் இருக்கும் போல.”

“ஜீயஸ். சாமிகளுக்கெல்லாம் ராஜா.”

“என்ன வேலை பார்க்கறாரு?”

“மாடா மாறி ஒருத்தியத் தூக்கிட்டுப் போவாரு. அன்னமா மாறி இன்னொருத்திகிட்ட போவாரு. தங்க மழையா மாறி...”

“சரி சரி. வேலைவெட்டி இல்லாதவன்னு சொல்லு.”

அன்றிலிருந்து கடை மூடும் நேரத்தில் அவள் படிக்க, அவர் முடியைக் கூட்டிக்கொண்டே கேட்பார். பாறையில் கட்டிப்போட்டவனின் ஈரல் தினமும் வளர்ந்ததாம், கழுகு தினமும் வந்து கொத்தியதாம் என்றால், “அப்ப அந்தக் கழுகும் நம்ம தொழில்தான்” என்பார். மகனுக்குச் சாவே வரக்கூடாதென்று ஆற்றில் முக்கியெடுத்தபோது அம்மா பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை, அதனாலேயே அவன் செத்தான் என்றால் அவருக்குக் கோபம் வரும். “கைய மாத்திப் புடிச்சு இன்னொரு முக்கு முக்கினா என்னவாம்? இதுக்கா ஒரு யுத்தம்?” மெதூசா என்ற அரக்கியின் தலையில் முடிக்குப் பதில் பாம்பு என்றதும் துடைப்பத்தைக் கீழே போட்டார். “நாளைக்கு லீவுன்னு போர்டு மாட்டிருவேன்.”

அவள் முதல் வகுப்பில் தேறினாள். அவர் அதோடு நிற்கவில்லை. மறுநாளே கேட்ட கதைகளை முன்னும் பின்னுமாக முடிச்சுப் போட்டு வாடிக்கையாளர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். ஹெர்குலிஸைப் படகில் ஏற்றினார், மரக்குதிரைக்குள் ஒளிந்தவர்களுக்கு டிபன் கட்டிக் கொடுத்தார். தெருவே புதுப்பெயர் சூட்டிக்கொண்டது. கறிக்கடைக்காரர் ஹெர்குலிஸ் ஆனார். இரும்புக்கடை முதலாளிக்கு ஜீயஸ் என்று பெயர். ராஜாவின் பெயர் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. ஏன் அந்தப் பெயர் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஆனால் அப்பாவின் உயிர்க்கதை ஒன்றே ஒன்றுதான். மிடாஸ் ராஜாவுக்குக் கழுதைக் காது. தலைப்பாகைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். முடி வெட்டுகிறவனுக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் வயிறு வெடிக்கும். கடைசியில் அவன் ஒரு குழி தோண்டி, குனிந்து, ‘ராஜாவுக்குக் கழுதைக் காது’ என்று குழிக்குள் சொல்லி மூடிவிடுகிறான். அந்த இடத்தில் நாணல் முளைக்கிறது. காற்றடித்ததும் நாணலெல்லாம் அதையே பேசுகிறது.

“நம்மாளு ஒருத்தனையாவது கதையில சேர்த்தானே, அந்தக் கிரேக்கன்!” என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் இந்தக் கதையைக் கேட்காதவர் கிடையாது. முடிவில் எப்போதும் கண்ணடித்து ஒன்று சொல்வார்: “நம்ம கடையிலயும் ஒருத்தருக்குக் கழுதைக் காது இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியும்.”

யாரென்று அவளும் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். சொன்னதில்லை.

அதன் பலன் இன்று காலையிலிருந்து தெரிந்தது. துக்கம் கேட்க வந்த ஆண்கள் ஒவ்வொருவராக அவளை ஓரம் கட்டினார்கள். “அப்பா என்னப் பத்தி ஏதாவது பேசியிருக்காராம்மா?” என்றார் ஹெர்குலிஸ். “சும்மா கேக்கறேன்” என்று சேர்த்துக்கொண்டார். ஜீயஸ் அதையே வியர்வையோடு கேட்டார்.

இப்போது அதே ஜீயஸ் கூடத்திலிருந்து பெரியப்பாவுக்கு ஒத்து ஊதினார். “பெரியவர் சொல்றதக் கேளும்மா. பொம்பளப் புள்ள கத்தி எடுக்கறது நல்லாவா இருக்கு?”

அவள் கத்தியை மடக்கிக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

“அண்ணே, அப்பா எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு.”

பொய். சுத்தப் பொய். ஹெர்குலிஸ் மேலே மின்விசிறியைப் பார்த்தார். யாரோ செருப்பைத் தேடினார்கள்.

“எல்லாத்தையும்னா?” என்றார் ஜீயஸ்.

“எல்லாத்தையும்.”

“பொண்ணே பண்ணட்டுமேங்க,” என்று அவர் பெரியப்பாவின் தோளைத் தொட்டார். “காலம் மாறிப் போச்சுல்ல.”

பெரியப்பாவுக்கு அந்தக் கடையில் ஒரு ரகசியமும் இல்லை, அங்கே அவர் கால் வைத்ததே கிடையாது. அதனால் அசையவில்லை. “நீ எந்த மூஞ்சில கத்தி வெச்சிருக்க? பலூன்ல வெளாடினது எல்லாம் கணக்கா? எல்லார் முன்னாடியும் அவன் கன்னத்தக் கிழிச்சு வைக்கப்போறியா?”

அப்பா நுரை தடவிப் பழகக் கொடுத்த பலூன் தவிர எதையும் அவள் மழித்ததில்லைதான்.

தலைமையாசிரியர் எழுந்தார். ஒரு நாற்காலியை இழுத்து வெளிச்சத்தில் போட்டார். உட்கார்ந்து, சட்டைக் காலரை உள்ளே மடித்து, மோவாயைத் தூக்கினார்.

“என்னோடது பாதி பாக்கி இருக்கு. பழகிக்க.”

நுரை போட்டாள். தோலை இழுத்துப் பிடித்துக் கத்தியைச் சாய்த்தாள். காதோரம் தொடங்கி இறங்கியபோது பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது. பாதி வழியில் தலைமையாசிரியரின் உதடு மட்டும் அசைந்தது.

“என்னப் பத்தி...”

“ஒண்ணும் சொல்லல சார். யாரப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லல. அசையாதீங்க.”

அவர் தோள்கள் இறங்கின. மோவாய்க்குக் கீழே ஒரே ஒரு கடுகளவு கீறல். அவரே விரலால் துடைத்து, கண்ணாடி கேட்காமல் எழுந்தார். “உங்கப்பன் முதல்முதல்ல பண்ணப்ப மூணு இடத்துல கிழிச்சான்.”

பெரியப்பா வெந்நீர்ச் செம்பைக் கொண்டுவந்து பெஞ்சருகே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

உள்ளே அவளும் அம்மாவும் அப்பாவும். அம்மா காலையிலிருந்தே சுவரோரம் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்திருந்தாள். குளிர்ந்த கன்னத்தில் நுரை வேறு மாதிரி நின்றது. அவள் அவசரப்படவில்லை. கன்னம், மோவாய், மீசைக்குக் கீழே. பிறகு துண்டை அவிழ்த்தாள். தொங்கிய முடியைச் சீப்பால் ஒதுக்கி, காதைச் சுத்தம் செய்யக் குனிந்தாள்.

குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

காது விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றது. பெரிய காது. உள்ளிருந்து சாம்பல் நிற முடி கொத்தாகக் கிளம்பி, மடலைத் தாண்டி, ஓரமெல்லாம் வளர்ந்திருந்தது. மறுபக்கம் பார்த்தாள். அங்கேயும்.

“அம்மா.”

“எனக்குத் தெரியும்டி,” என்றாள் அம்மா. “கல்யாணம் ஆன மறுநாளே பார்த்துட்டேன். ஊருக்கெல்லாம் வெட்டறாரு, இதத் தொட விடமாட்டாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வேற.”

“இத்தன வருஷமாவா?”

“வயிறு வெடிக்குது எனக்கு.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பயனில்லை. அவள் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டுப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் அந்தக் காதைப் பார்த்துவிடுவார். கண்ணீர் வழிந்தது.

“எதுக்குச் சிரிக்கறாங்க?” என்று கதவுக்கு வெளியே ஜீயஸின் குரல் கேட்டது. “யாரப் பத்தி?”

அவள் அந்த முடியை வெட்டவில்லை. சீவி ஒழுங்காக்கி, மேலே பழையபடி முடியை விட்டு, துண்டைச் சுற்றினாள்.

சாயங்காலம் அப்பாவைக் குழிக்குள் இறக்கினார்கள். மண் தள்ளப் போனபோது அவள், “ஒரு நிமிஷம்” என்றாள். மண்டியிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் குழிக்குள் குனிந்தாள்.

“ராஜாவுக்குக் கழுதைக் காது,” என்றாள் மெதுவாக. அம்மாவுக்குக்கூடக் கேட்கவில்லை.

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டாள். எதிரே நின்ற ஆண்களின் முகங்கள் வெளிறி ஒரே நிறத்தில் இருந்தன. தலைமையாசிரியர் மட்டும் கீறலைத் தடவியபடி வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மண் விழுந்து மூடியது. எல்லாரும் கிளம்பினார்கள். இடுகாட்டு வாசலருகே சுவரோரம் ஆளுயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. காற்று வந்து அதை அசைத்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஜீயஸ் நின்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தலையை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்தார்.