யார்க்கில் ஒரு வரிசை

டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்கு வெளிச்சம் வருவதே பெரும்பாடு. வந்தாலும் மூன்றரை மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடும். இது நெவிலுக்குத் தெரியாதா? அறுபத்தெட்டு வருஷமாக அரை மணி ரயில் தூரத்தில், மால்டனில் குடியிருக்கிற மனிதர். அதனால்தான் காலை ரயிலுக்கே கிளம்பினார்கள். காலை ரயில் வரவே இல்லை. யார்க்கில் வந்து இறங்கும்போது மணி ஒன்று.

மனைவி மேவிஸுக்கு ஒரே ஒரு ஆசை. பேராலயத்தின் மேற்குச் சுவரில் இதய வடிவத்தில் கல் வளைந்த பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதே, அதை உள்ளே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இதுவரை பிஸ்கட் டப்பா மூடியில் பார்த்ததோடு சரி. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். இப்போது கண் டாக்டர், அவள் பார்வை கிறிஸ்துமஸ் வரை தாங்கினாலே பெரிது என்று சொல்லிவிட்டார். முகங்கள் ஏற்கெனவே போய்விட்டன. வெளிச்சம் இருந்தால் நிறம் மட்டும் தெரிகிறது.

பேராலயத்தை நெருங்கியபோது நீளமான வரிசை ஒன்று தெருமுனையில் திரும்பி எங்கோ போய்க்கொண்டிருந்தது. வரிசையைக் கண்டால் நெவிலின் கால் தானாக நின்றுவிடும். போய்க் கடைசியில் நின்றார்.

"எதுக்கான வரிசைன்னு கேளேன்" என்றாள் மேவிஸ்.

"கோயில் இங்க இருக்கு, வரிசையும் இங்க இருக்கு. வேற எதுக்காம்?"

"கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

"முன்னாடி போனா, நைசா பூந்துடப் பாக்குறான்னு நெனப்பாங்க. மானம் போயிடும்."

எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான். உயிர் போனாலும் போகட்டும், வரிசையில் முந்தினான் என்ற பேர் வரக் கூடாது. முன்னால் நின்ற சிவப்புச் சால்வைக்காரியோடு நெவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். மழையைப் பற்றி, ஆற்று வெள்ளத்தைப் பற்றி, அவளுடைய நாயின் மூட்டு வலியைப் பற்றி. எதற்காக நிற்கிறோம் என்பதை மட்டும் கேட்கவில்லை. நடுநடுவே மேவிஸ் முகத்தை வானத்துக்குத் தூக்கி, "வெயில் இன்னும் இருக்கா?" என்பாள். "இருக்கு, இருக்கு" என்பார்.

மூன்று மணிக்கு முனை திரும்பினார்கள். அங்கே ஒரு சின்னக் கடை. அதிலிருந்து வெளியே வந்தவர்கள் கட்டைவிரல் உயரத்துக்கு மண்ணில் செய்த பேய் பொம்மைகளைப் பெட்டியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

நெவில் கடைசியாக வாயைத் திறந்தார். "இது கோயிலுக்குப் போற வரிசை இல்லையா?"

"கோயிலுக்கா? ஐயோ கண்ணு, அங்க வரிசையே கெடையாதே! நேரா உள்ள போயிருக்கலாமே!" என்றாள் சால்வைக்காரி.

மேவிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "பேய் வாங்கவா நின்னோம்?" என்றாள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோயிற்று.

ஈரக் கல் தெருவில், அவள் தடுமாற்றம் அனுமதித்த வேகத்தில் ஓடினார்கள். பேராலய வாசலில் நீள அங்கி போட்ட ஊழியர் பாதிக் கதவைச் சாத்தியிருந்தார்.

"சுத்திப் பாக்குற நேரம் முடிஞ்சிருச்சுங்க. இன்னிக்குச் சீக்கிரமே மூடுறோம். சாயங்கால ஆராதனைக்கு வாங்க, மூணே முக்காலுக்குத் திறப்போம். ஆனா ஜன்னலெல்லாம் அவ்வளவா தெரியாது."

என் மனைவிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, ஐந்து நிமிஷம் விடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை வரை வந்தது.

"பரவால்லீங்க. தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க" என்றது அவர் வாய். அந்த வாயை அவர் என்ன செய்வார்!

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூரைகளுக்குப் பின்னால் வானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் பிடித்து நிறுத்துகிற பொருளா அது? மேவிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கதவு திறந்ததும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் ஆராதனை நடக்கும் பாடகர் பகுதியை நோக்கிப் போக, நெவில் அவள் தோளைப் பிடித்து மேற்குப் பக்கம் திருப்பினார். ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அந்தி அதன் பின்னால் தங்கியிருந்தது. இதயத்தின் வளைவுக்குள் நீலமும் சிவப்பும் மெல்லக் கனிந்துகொண்டிருந்தன.

"அதோ, நேர் எதிர்ல. மேல பாரு."

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தலையைச் சாய்த்தும் பார்த்தாள்.

"இருட்டிருச்சே நெவில்" என்றாள் மெதுவாக. "எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?"

அவர் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது.

"எல்லாருக்கும்தான் கண்ணு."

பின்னால் யாரோ ஒருத்தி அண்ணாந்து பார்த்து வியந்து வாயைத் திறப்பதற்குள், அவர் மேவிஸின் கையைப் பற்றி அவசரமாக உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.