யார் உள்ளே வந்தது

அறுப்பின் பண்டிகையன்று காலையில், ஏலப்பாறை சபையின் இணையதளத்தைத் திறந்தவர்களுக்கு வேத வசனம் வரவில்லை. சூதாட்ட விளம்பரங்களும் பார்க்கக் கூசும் படங்களும் வந்தன. துபாயிலும் தோஹாவிலும் இருந்த பிள்ளைகள் ஆராதனை முடிவதற்குள் ஊருக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

அந்த இணையதளம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த ஜோபியின் பொறுப்பில் இருந்தது. வாடகைக்கு எடுத்த ஒரே லினக்ஸ் சர்வரில் சபை, பள்ளிக்கூடம், ஹோம்ஸ்டே, ஏலக்காய்க் கடை என்று நாற்பது இணையதளங்களை அவன் நடத்தினான். வேலை பார்த்ததெல்லாம் அன்னாள். ஆறு வருஷமாக அந்தக் கடையில் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

கமிட்டி கூப்பிட்டு விசாரித்தபோது ஜோபி நிதானமாகத்தான் பேசினான். "பாஸ்வேர்டு ரெண்டு பேருகிட்டதான் இருந்துச்சு. ஒண்ணு நான், இன்னொண்ணு அன்னாள். என் கடைய நானே கெடுப்பேனா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மீதியைக் கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்னாளின் அப்பா மத்தியாஸ் இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சபையின் கோயில்பிள்ளை. கதவு திறப்பது, மணி அடிப்பது, விளக்கு ஏற்றுவது எல்லாம் அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கி வேறொருவர் கையில் கொடுத்தார்கள். அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். அந்தப் பிரித்த கைகளைத்தான் அன்னாளால் மறக்க முடியவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சர்வரைப் பொத்தான்களை அழுத்தியே நிர்வகிக்க உதவும் மென்பொருளுக்குக் கண்ட்ரோல் பேனல் என்று பெயர். காசு கட்டி வாங்க வேண்டிய பேனல் ஒன்றை ஜோபி எங்கிருந்தோ பூட்டு உடைத்த பிரதியாக இறக்கிப் போட்டிருந்தான். அப்படிப்பட்ட பிரதிகளில் வெளியாட்கள் உள்ளே நுழைய ஒரு கள்ள வழியை ஒளித்து வைத்திருப்பார்கள். இலவசமாகவே நல்ல பேனல்கள் இருக்கின்றன, இந்தத் திருட்டுச் சரக்கு வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். ஓசியில் கிடைப்பதை வாடிக்கையாளர் மதிக்கமாட்டார் என்று அவன் சிரித்தான்.

அவளை வேலையை விட்டு நிறுத்திய பிறகும் இரண்டு நாள் அவன் பாஸ்வேர்டை மாற்றவில்லை. ஒரே ஒரு கட்டளை தட்டினால் நாற்பதும் போய்விடும். அன்னாள் லேப்டாப் முன்னால் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவளைத் தடுத்தது நல்ல மனசு இல்லை. அப்படிச் செய்தால் அவன் போட்ட பழி உண்மையாகிவிடும். அவனுக்கு அந்த உதவியைச் செய்ய அவள் தயாராக இல்லை.

அவனுடைய நாற்பது வாடிக்கையாளர்களையும் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

இருப்பதிலேயே சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். பேனல் தேடுவதற்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது. யார், எப்போது, எந்த முகவரியிலிருந்து உள்ளே வந்தார்கள் என்பது பதிவாக வேண்டும். அந்தப் பதிவு அன்று இருந்திருந்தால் ஜோபியால் வாய் திறந்திருக்க முடியாது. அதோடு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கணக்கும், அவரே இறக்கிக்கொள்ளும் பேக்கப்பும் வேண்டும். இலவசப் பேனல்களில் முதலில் கிளவுட்பேனலைப் போட்டுப் பார்த்தாள். வேகமாக ஓடியது, ஆனால் அதில் மின்னஞ்சல் வசதி இல்லை. ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு மின்னஞ்சல்தான் பிழைப்பு. ஐஎஸ்பிகான்ஃபிக் பல சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு ஏற்றது. அதன் பக்கங்களைப் பார்த்தால் கடைக்காரர்கள் மிரண்டுவிடுவார்கள். வெர்ச்சுவல்மின் கேட்டதையெல்லாம் செய்தது, அவளுடைய சின்ன சர்வர்தான் திணறியது. கடைசியில் ஹெஸ்டியாவைப் போட்டாள். அது குறைந்த நினைவகத்திலேயே ஓடியது. அவள் நுழைந்த நேரமும் முகவரியும் அதில் வரிசையாகப் பதிவாகியிருந்தன. அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு மற்றவற்றை அழித்தாள்.

முதலில் மறையூருக்குப் பஸ் ஏறினாள். ஜோபியின் வாடிக்கையாளரான சென்னிமலை கோவிந்தாபுரத்துக்காரர், அங்கே வெல்லம் வாங்கி வெளியூர்களுக்கு இணையத்தில் விற்பவர். அவள் விவரம் சொல்லி, தன் சர்வரில் அவருக்கென்று போட்ட கணக்கைப் போனில் திறந்து காட்டினாள். அவர் போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் பாஸ்வேர்டு எங்ககிட்டயே இருக்குமுங்களா? ஜோபி ஒருநாளும் குடுத்ததில்லீங்களே" என்றார்.

"உங்க கடைதானே அண்ணாச்சி. உங்ககிட்டதான் இருக்கணும்."

அவர் மூலம் இன்னும் நாலு பேர் வந்தார்கள். மழை தொடங்குவதற்குள் பதினெட்டுப் பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவர் மாறிய நாளிலும் அன்னாள் வேலை இல்லாவிட்டாலும் ஜோபியின் கடை வழியாக ஒரு நடை போய் வந்தாள்.

ஜூலையில் அவனுடைய சர்வர் மறுபடியும் உடைந்தது. மிச்சமிருந்த இருபத்திரண்டு தளங்களிலும் அதே படங்கள். இந்த முறை பாஸ்வேர்டு அவன் ஒருவனிடம் மட்டுமே இருந்தது.

மூன்றாம் நாள் பகலில், மழையில் நனைந்தபடி அவன் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அன்னாளின் வாசலில் வந்து நின்றான். மத்தியாஸ் உள்ளே அடுப்படியில் இருந்தார். தளங்களை மீட்டுத் தர வேண்டும் என்று ஜோபி கெஞ்சினான். வேறு ஆளைக் கூப்பிட முடியாது, உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும் என்றான்.

"என்ன தெரிஞ்சிரும்? வாயால சொல்லுங்க."

"பேனலு... திருட்டுக் காப்பி."

"போன தடவையும் அதுதானா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆமா."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

தெரியாமல் பழி போட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

மீட்டுத் தருவதாகச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் அவன் இதைச் சொன்னால். கமிட்டிக்குக் கடிதம் எழுதித் தருவதாக அவன் பேரம் பேசினான். "எங்கப்பாகிட்ட சாவிய வாங்குனது கடுதாசியிலயா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜோபி எழுந்து நின்று முணுமுணுத்தான். அன்னாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

அவன் திரும்பவும் சொன்னான், உரக்க. போதகர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மத்தியாஸிடம் வந்தார். முழங்கால் வலிக்கிறது, படியேற முடியாது, வேண்டாம் ஐயா என்று மத்தியாஸ் கும்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர், "ரெண்டாந்தடவ சொல்ல வெச்சியே, அத நான் கேட்டனாம்மா?" என்றார்.

"இல்லப்பா. அது எனக்கு."

திங்கள் முதல் மூன்று நாளில் இருபத்திரண்டையும் சுத்தம் செய்து தன் சர்வருக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஸ்வேர்டை அனுப்பி, இனி ஜோபியிடம் இருப்பதா தன்னிடம் இருப்பதா என்று ஒரு வரி கேட்டாள். இரண்டு பேர் மட்டும் ஜோபி என்று எழுதினார்கள். ஒருவர் அவன் மச்சான்.

ஜோபி போன் செய்தான். "இது பேச்சுல இல்லயே, அன்னாள்."

"நீங்க கேக்கலயே" என்றாள்.

ஓணத்துக்கு முன்பே அவன் கடையில் வேறு யாரோ குடை, ரெயின்கோட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்த வழியாகப் போகும்போது என்றாவது இரக்கம் வரும் என்று அன்னாள் எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒருநாள் அங்கேயே நின்று விலை கேட்டு, அப்பாவுக்கு ஒரு குடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.