இமைமயிர் தெரியும் லென்ஸ்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வாங்க வக்கில்லாத ஒரு லென்ஸைத் திரையில் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பெரிய கிறுக்கன் ஒருவனைப் படைத்தால் ஆறுதலாக இருக்குமே என்று தோன்றியது. உயர்ந்த நோக்கமெல்லாம் கிடையாது.

2

ஒளியைக் காதலித்த ஒருவன்

(வேண்டாம். இவன் காதலித்தது விலைப்பட்டியலை.)

பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில் வேலை. மோவாயைத் தூக்குங்க, கண்ணை மூடாதீங்க, அடுத்த ஆள். கையில் இருப்பது பிளாஸ்டிக் உடம்புள்ள மலிவு லென்ஸ். வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஐயாவின் கௌரவத்துக்குத்தான் போதவில்லை. எந்தப் படம் சொதப்பினாலும் பழி அதன் தலையில்தான். [அதற்கு வாயிருந்தால் கதையை அதனிடமே விட்டிருப்பேன்.]

3

அவனுடைய அக்கா வெளிநாட்டில் குடியேறப் போகிறாள். திரும்பி வர எத்தனை வருஷமாகும் என்று அவளுக்கே தெரியாது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: தானும் மகளும் சேர்ந்திருக்கும் ஒரு படம், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட. நல்ல லென்ஸ் கிடைக்கட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டான் மகராசன். அக்கா கிளம்பும் நாள் காலையில், விளம்பரப் படம் எடுக்கும் நண்பனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கனவு லென்ஸை இரவல் வாங்கி வந்தான்.

அம்மா நாற்காலியில். அக்கா ஓரடி பின்னால். லென்ஸின் துளையைச் சுருக்கினால் இரண்டு முகமும் தெளிவாக விழும். இது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் சுருக்கினால் பழைய லென்ஸ் எடுத்த படம்போலவே இருந்துவிடுமே! முழுசாகத் திறந்தான். பின்னாலுள்ள சுவர் மங்கிக் கரைய வேண்டுமாம். எடுத்ததும் அம்மாவின் இமையைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொக்கிப்போனானே தவிர, படத்தில் பின்னால் நின்றவளைப் பார்க்கவில்லை. மதியம் அக்கா விமானம் ஏறினாள்.

4

முடிவு ஒன்று: அக்கா பாதி வழியில் திரும்பி

(அடித்துவிட்டேன். சினிமாவா எடுக்கிறேன்?)

முடிவு இரண்டு: அவன் திருந்தி

(யார், இவனா?)

நடந்தது இதுதான். படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினான். அம்மாவின் இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். சுவர் கரைந்திருந்தது, சுவரோடு அக்காவும் கரைந்திருந்தாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"என் மூஞ்சிய நானே பாத்து என்னடா பண்ணப்போறேன்? அவ மூஞ்சி எங்க?"

"அது வந்தும்மா, அந்த லென்ஸ்ல..."

இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் அவனை அறையத்தான் தோன்றுகிறது. வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு அந்த லென்ஸ் மீது ஆசை இன்னும் விடவில்லை. ஆகவே மீதியை நீங்களே முடியுங்கள். ஒரே நிபந்தனை: அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.